பச்சோந்தியை வரைந்த உஸ்தாத் மன்சூர்



இந்த மாதம் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதி வரச் சொன்னாங்க. எல்லோரும் காந்தி, பாரதியார், அப்துல் கலாம், பென்னிகுக் என்று பெயர் கொடுத்துவிட்டார்கள். நான் கொடுத்த பெயரைக் கேட்டு வகுப்பே சிரித்தது. "யாருடி அது மன்சூரு? சினிமாக்காரரா?" என்று கேட்டார்கள். அவர் ஓர் ஓவியர். நானூறு வருடத்துக்கு முன்னால் வாழ்ந்தவர். அவரை நான் ஏன் தேர்ந்தெடுத்தேன் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த ஒரு தப்பு

எங்கள் தோட்டம் ஊருக்கு மேற்கே இருக்கிறது. ஒன்றரை ஏக்கர் திராட்சை. சுற்றிலும் கிளுவை வேலி. நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் தெருப் பையன்களோடு சேர்ந்து ஓணான் பிடிக்கப் போவேன். தென்னை ஈர்க்கின் நுனியில் சுருக்குப் போட்டு, ஓணான் கழுத்தில் மெதுவாக மாட்டி இழுக்கணும். அதில் நான்தான் கெட்டி. ஓணானை ஏன் கொல்லணும் என்று கேட்டால் பையன்கள் ஒரு கதை சொல்வார்கள். ராமர் தாகமாக வந்தபோது அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் மூத்திரத்தைக் கொடுத்ததாம். அதனால் ஓணானைக் கொன்றால் பாவம் இல்லையாம்.

ஒருநாள் என் சுருக்கில் மாட்டியது ஓணான் இல்லை, பச்சோந்தி. அது ஓடவே இல்லை. மெதுவாக ஒரு காலைத் தூக்கி, ஆடி ஆடி, அடுத்த காலை வைத்தது. சுருக்கு இறுகியதும் உடம்பை உப்பிக்கொண்டு புஸ் என்று சீறியது. உடம்பு கறுத்துப் போனது. "விஷம் கக்கும், விடாதே" என்று பையன்கள் கத்தினார்கள். ஆளுக்கு ஒரு கல் எடுத்தார்கள். நானும் எடுத்தேன். அவ்வளவுதான். அது விழுந்த பிறகும் ஒரு கண் மட்டும் என் பக்கம் திரும்பியதை நான் பார்த்தேன். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அம்மாச்சியிடம் கூடச் சொல்லவில்லை.

இந்த வருடம் எங்கள் அறிவியல் டீச்சர் தன் போனில் ஒரு படம் காட்டினார்கள். ஒரு கிளையில் பச்சைப் பசேல் என்று ஒரு பச்சோந்தி. போட்டோ என்றே நினைத்தேன். சுமார் 1612ஆம் வருடம் கையால் வரைந்த படம் என்று டீச்சர் சொன்னதும் எனக்கு வியப்பாகிவிட்டது. அந்தக் கண்ணைப் பார்த்தேன். அன்றைக்கு என்னைப் பார்த்த அதே கண். அதை வரைந்தவர்தான் உஸ்தாத் மன்சூர்.

அக்பர் காலத்தில்

மன்சூர் எந்த ஊரில் பிறந்தார், எந்த வருடம் பிறந்தார் என்று எந்த ஏட்டிலும் எழுதி வைக்கவில்லை. ராஜாக்களுக்குத்தான் பிறந்த நேரம் வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். மன்சூரைப் பற்றி நமக்குத் தெரிந்தது எல்லாம் அவர் வரைந்த படங்களின் ஓரத்தில் இருக்கும் பெயரும், ஜஹாங்கீர் தன் கையால் எழுதிய நாட்குறிப்பில் அவரைப் பற்றி வரும் சில வரிகளும்தான்.

அவர் முதலில் அக்பரின் அரண்மனை ஓவியக் கூடத்தில் வேலை பார்த்தார். அங்கே ஒரு படத்தை ஒரே ஆள் வரைவது குறைவு. மூத்த ஓவியர் ஒருவர் கோடு போட்டு அமைப்பைச் செய்வார். இன்னொருவர் வண்ணம் தீட்டுவார். முகத்தை மட்டும் வரைய வேறொருவர் வருவார். மன்சூர் பல படங்களில் இரண்டாவது ஆள்தான். பெரியவர் போட்ட கோட்டுக்குள் வண்ணம் தீட்டும் வேலை. 1590களில் பாபரின் வரலாற்று நூலுக்குப் படம் வரைந்தவர்களிலும் அவர் ஒருவர். பாபர் தன் நூலில் இந்தியாவில் பார்த்த விலங்குகள், பறவைகள், மரங்கள் பற்றி எல்லாம் எழுதியிருந்தார். அவற்றை வரையும் வேலை வந்தபோதுதான் மன்சூரின் கை எதற்குப் பொருத்தமானது என்பது தெரிந்தது என்று நினைக்கிறேன்.

அந்தக் காலத்தில் பெயிண்ட் டப்பா, ஸ்கெட்ச் பேனா எல்லாம் கிடையாது. கல்லையும் மண்ணையும் அரைத்துத்தான் வண்ணம் செய்வார்கள். நீலத்துக்கு ஆப்கானிஸ்தானில் இருந்து வரும் நீலக்கல். பச்சைக்கு ஒரு செம்புத் தாதுக் கல். அரைத்த பொடியில் பிசின் கலப்பார்கள். தூரிகை எதில் தெரியுமா? அணில் வால் முடியில்! நுனியில் ஒரே ஒரு முடி நிற்கிற மாதிரி கட்டுவார்கள். ராமருக்கு உதவிய அணில் மன்சூருக்கும் உதவியிருக்கிறது பாருங்கள்.

ஜஹாங்கீரின் ஆசை

1605இல் அக்பர் இறந்து, அவர் மகன் ஜஹாங்கீர் பாதுஷா ஆனார். அவருக்கு இரண்டு ஆசை. ஒன்று வேட்டை. இன்னொன்று விலங்குகளையும் பறவைகளையும் கூர்ந்து பார்ப்பது. இரண்டும் ஒரே மனிதரிடம் எப்படி இருந்தது என்று எனக்கு ஆச்சரியம்தான்.

அவர் தன் வேட்டைக்குக் கணக்கு வைத்திருந்தார். பன்னிரண்டு வயதில் தொடங்கி ஏறக்குறைய ஐம்பது வயது வரை அவர் முன்னிலையில் வேட்டையாடப்பட்டவை 28,532. அதில் அவர் கையாலேயே கொன்றவை 17,167. இந்தக் கணக்கை டீச்சர் சொன்னபோது வகுப்பில் பையன்கள் கை தட்டினார்கள். எனக்குக் கை வரவில்லை. என் கணக்கு ஒன்றுதான். அதையே என்னால் மறக்க முடியவில்லையே.

ஆனால் அதே ஜஹாங்கீர் ஒரு ஜோடி சாரஸ் கொக்குகளை வளர்த்து அவற்றுக்கு லைலா, மஜ்னூன் என்று பெயர் வைத்தார். அவை எப்போது முட்டையிட்டன, ஆணும் பெண்ணும் எப்படி மாறி மாறி அடைகாத்தன, குஞ்சுக்கு எப்படி இரை கொடுத்தன என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தார். வயது ஐம்பது ஆகும்போது இனி என் கையால் எந்த உயிரையும் கொல்லமாட்டேன் என்று நேர்ந்துகொண்டு சில வருடம் அதன்படி இருந்தார். ஆகவே மனிதர்கள் மாறலாம் என்று தெரிகிறது.

1612இல் முகர்ரப் கான் என்ற அதிகாரி கோவாவுக்குப் போய், கப்பலில் வந்த புதுமையான பறவைகளையும் விலங்குகளையும் வாங்கி வந்தார். அதில் ஒன்று வான்கோழி. இப்போது நமக்கு அது சாதாரணம். அன்றைக்கு அரண்மனையில் யாரும் பார்த்ததில்லை. அதன் தலையும் கழுத்தும் ஒரு நேரம் சிவப்பாகவும், ஒரு நேரம் வெள்ளையாகவும் மாறுவதைப் பார்த்த ஜஹாங்கீர், அது பச்சோந்தி மாதிரி நிறம் மாறுகிறது என்று எழுதினார். தன் கொள்ளுத்தாத்தா பாபர் விலங்குகளைப் பற்றி எழுதினாரே தவிர படம் வரையச் சொல்லவில்லை, நான் படமும் வரையச் சொன்னேன், கேட்பவர்களுக்கு ஆச்சரியம் அதனால் கூடும் என்றும் எழுதினார். மன்சூர் அந்த வான்கோழியை வரைந்தார். பச்சோந்திப் படமும் ஏறக்குறைய அதே காலத்தில் வரைந்ததுதான்.

இப்போது மன்சூர் இரண்டாவது ஆள் இல்லை. கோடும் அவருடையது, வண்ணமும் அவருடையது. உஸ்தாத் என்றால் ஆசான். அதற்கு மேல் நாதிர் உல் அஸ்ர் என்ற பட்டத்தையும் பாதுஷா கொடுத்தார். தன் காலத்தின் அதிசயம் என்று அதற்குப் பொருள்.

செத்துப்போன வல்லூறும் வரி போட்ட கழுதையும்

1619இல் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் ஒரு அழகான வேட்டைப் பறவையைப் பரிசாக அனுப்பினார். வல்லூறு வகை. வழியில் ஒரு பூனை அதைக் கடித்துவிட்டது. அரண்மனைக்கு வந்து சில நாட்களிலேயே அது இறந்துபோனது. இறகில் இருந்த ஒவ்வொரு கருப்புக் கோடும் அழகு என்று ஜஹாங்கீர் வருந்தி எழுதினார். உடனே மன்சூரைக் கூப்பிட்டு, அதன் உருவத்தை வரைந்து பத்திரப்படுத்தச் சொன்னார்.

அடுத்த வருடம் 1620இல் பாதுஷா காஷ்மீர் போனபோது மன்சூரும் கூடப் போனார். வசந்த காலத்தில் அங்கே பூத்த பூக்களில் நூற்றுக்கும் மேல் வரைந்தார். அதில் மிகச் சிலதான் இன்று மிஞ்சியிருக்கின்றன. சிவப்புத் துலிப் பூவின் படம் ஒன்று அலிகரில் இருக்கிறது.

1621 மார்ச் மாதம் ஒரு வேடிக்கை. ஆப்பிரிக்காவில் இருந்து ஒரு வரிக்குதிரையைக் கொண்டுவந்தார்கள். அரண்மனையில் யாரும் நம்பவில்லை. கழுதைக்கோ குதிரைக்கோ யாரோ பெயிண்ட் அடித்து ஏமாற்றுகிறார்கள் என்றே சந்தேகப்பட்டார்கள். நன்றாகச் சோதித்துப் பார்த்த பிறகுதான் அது கடவுள் போட்ட வரி என்று பாதுஷா ஒத்துக்கொண்டார். அதையும் மன்சூர் வரைந்தார். ஒவ்வொரு வரியும் எங்கே தடிமனாகிறது, எங்கே மெலிகிறது, காதுக்குப் பக்கத்தில் எப்படி வளைகிறது என்று அப்படியே போட்டிருக்கிறார். அந்தப் படம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வரிக்குதிரையைப் பாரசீக மன்னருக்குப் பரிசாக அனுப்பிவிட்டார்கள்.

பச்சோந்திப் படத்தில் என்ன இருக்கிறது?

அந்தப் படம் இப்போது இங்கிலாந்து அரச குடும்பத்தின் சேகரிப்பில் இருக்கிறது. சின்னப் படம்தான். ஒரு கிளை, அதில் ஒரு பச்சோந்தி. அவ்வளவே. ஆனால் தோலில் உள்ள சொரசொரப்பைக்கூட புள்ளி புள்ளியாக வைத்திருக்கிறார். எத்தனை ஆயிரம் புள்ளியோ!

இந்தப் படத்தைப் பார்த்து நானும் வரையலாம் என்று உட்கார்ந்தேன். ஓணானுக்கு வரைவது மாதிரி ஐந்து விரலைத் தனித்தனியாக வரைந்தேன். டீச்சர் பார்த்துவிட்டு, "படத்தைப் பார்த்துப் போடாதே, தோட்டத்துக்குப் போய்ப் பச்சோந்தியைப் பார்த்துப் போடு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழு மணிக்கே தோட்டத்துக்குப் போனேன். வேலி ஓரமாக ஒரு மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை. அப்புறம் பார்த்தால் என் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது! காற்றில் கிளுவை இலை ஆடும்போது அதுவும் இலை மாதிரி முன்னும் பின்னும் ஆடுகிறது. அதனால்தான் தெரியவில்லை.

அன்றைக்கு நான் பார்த்ததையும், பிறகு டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

பச்சோந்தியின் காலில் ஐந்து விரல் உண்டு. ஆனால் தனித்தனியாக இல்லை. மூன்று ஒரு கட்டாகவும், இரண்டு ஒரு கட்டாகவும் ஒட்டியிருக்கும். முன்னங்காலில் உள்பக்கம் மூன்று, வெளிப்பக்கம் இரண்டு. பின்னங்காலில் இது மாறி இருக்கும். இடுக்கி மாதிரி கிளையைக் கவ்விப் பிடிக்க இது வசதி. அதனால்தான் அதற்குத் தரையில் வேகமாக ஓட வராது. வால் ஐந்தாவது கை. கிளையில் சுற்றிக்கொள்ளும்.

இரண்டு கண்ணும் தனித்தனியாகச் சுற்றும். ஒன்று முன்னால் பார்க்கும்போது இன்னொன்று பின்னால் பார்க்கும். இரை தெரிந்தால் மட்டும் இரண்டும் சேர்ந்து ஒரே பக்கம் திரும்பும். நான் பார்க்கப் பார்க்க ஒரு வெட்டுக்கிளியை நோக்கி அப்படித் திரும்பியது. வாய் கொஞ்சம் திறந்தது. அடுத்த நொடி வெட்டுக்கிளியைக் காணோம்! நாக்கு வெளியே வந்ததை நான் பார்க்கவே இல்லை. அதன் நாக்கு, வாலை விட்டுவிட்டுப் பார்த்தால் உடம்பின் நீளத்துக்கு நீளுமாம்.

நிறம் மாறுவது ஏமாற்றுவதற்காக என்று நாம் நினைக்கிறோம். பேச்சு மாறுகிறவர்களைப் பச்சோந்தி என்று திட்டுகிறோம். உண்மையில் அது இருக்கும் இடத்தின் நிறத்துக்கெல்லாம் மாறாது. காலையில் குளிராக இருந்தால் உடம்பைக் கருமையாக்கி வெயிலை வாங்கிக்கொள்ளும். பயந்தாலோ, கோபம் வந்தாலோ நிறம் மாறும். அன்றைக்கு என் சுருக்கில் மாட்டியது கறுத்துப் போனதே, அது விஷம் இல்லை. பயம். பச்சோந்திக்கு விஷமே கிடையாது. சீறுவதும் உடம்பை உப்புவதும் நம்மைப் பயமுறுத்துவதற்குத்தான்.

நிறத்தின் ரகசியத்தை விஞ்ஞானிகள் 2015இல்தான் தெளிவாகக் கண்டுபிடித்தார்கள். தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் படிகங்கள் இருக்கின்றனவாம். அவற்றின் இடைவெளி கூடும்போதும் குறையும்போதும் ஒளி வேறு வேறு நிறமாகத் திரும்புகிறதாம். இது மடகாஸ்கர் தீவில் உள்ள ஒரு பச்சோந்தியிடம் கண்டுபிடித்தது.

இரவில் தூங்கும்போது அது வெளிறிப்போகும். எங்கள் அப்பா ராத்திரி மோட்டார் போடப் போகும்போது டார்ச் வெளிச்சத்தில் வேலியில் பழுத்த இலை மாதிரி வெளேர் என்று தொங்குவதைப் பார்த்திருக்காராம். இதை அவர் இத்தனை வருடமாக எங்களிடம் சொன்னதே இல்லை. நான் மன்சூரைப் பற்றிச் சொன்ன பிறகுதான் சொன்னார்.

என் தம்பி வந்தான்

நான் வரைந்துகொண்டிருக்கும்போது என் தம்பியும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும் ஈர்க்குச் சுருக்கோடு வந்துவிட்டார்கள். அந்தச் சுருக்குப் போட அவனுக்குக் கற்றுக் கொடுத்ததே நான்தான். வேலியில் போன ஓணானை மடியில் விட்ட கதையாகிவிட்டது.

"அடிக்காதே" என்று சொன்னால் அவன் கேட்கமாட்டான் என்று எனக்குத் தெரியும். அதனால் "டேய், அதுக்கு எத்தனை விரல்னு சரியாச் சொல்லு, என் கலர் பென்சில் டப்பாவைத் தர்றேன்" என்றேன். மூன்று பேரும் வேலி ஓரமாகக் குனிந்து பார்த்தார்கள். ஒருவன் இரண்டு என்றான். ஒருவன் மூன்று என்றான். அது அடுத்த அடி வைக்கும் வரைக்கும் மூச்சை அடக்கிக் காத்திருந்தார்கள். பத்து நிமிடம் கழித்து, "ஒரு பக்கம் மூணு, ஒரு பக்கம் ரெண்டுக்கா!" என்று தம்பி கத்தினான். பென்சில் டப்பா போய்விட்டது. போனால் போகட்டும். சுருக்கை அவன் வேலியிலேயே மறந்துவிட்டுப் போனான். நான் எடுத்து ஒடித்துப் போட்டேன்.

மன்சூருக்குப் பிறகு

1627இல் ஜஹாங்கீர் இறந்தார். அதற்குப் பிறகு மன்சூரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. எந்த வருடம் இறந்தார், எங்கே அடக்கம் செய்தார்கள் என்பதும் எழுதி வைக்கப்படவில்லை. ஆனால் அவர் படங்கள் பேசுகின்றன.

அவர் சைபீரியக் கொக்கை வரைந்தார். அந்தப் படம் கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேல்நாட்டு விஞ்ஞானிகள் அந்தக் கொக்குக்கு அறிவியல் பெயர் வைத்தது 1773இல்தான். மன்சூர் அதற்கு நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே இறகு இறகாக வரைந்துவிட்டார். அந்தக் கொக்குகள் குளிர்காலத்தில் ராஜஸ்தானில் உள்ள பரத்பூருக்கு வந்துகொண்டிருந்தன. 2002க்குப் பிறகு அங்கே வருவது நின்றுவிட்டது.

இன்னொரு படத்தில் டோடோ இருக்கிறது. அது ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இருக்கிறது. மன்சூர் வரைந்தது என்றே அறிஞர்கள் கருதுகிறார்கள். டோடோ மொரீஷியஸ் தீவில் வாழ்ந்த, பறக்கத் தெரியாத பறவை. மனிதர்களைப் பார்த்தால் ஓடத் தெரியாது. கப்பலில் வந்தவர்களும், அவர்கள் கொண்டுவந்த பன்றி, எலி போன்றவையும் சேர்ந்து நூறு வருடத்துக்குள் அந்த இனத்தையே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். உயிருள்ள டோடோவை நேரில் பார்த்து, வண்ணத்தில் வரைந்த படங்கள் உலகத்திலேயே மிகக் குறைவு. டோடோ எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள இன்றைக்கு விஞ்ஞானிகள் இந்தப் படத்தைத்தான் தேடி வருகிறார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு ஒரு பயம் வந்தது. நம் காமயகவுண்டன்பட்டிப் பச்சோந்தியும் அப்படிப் படத்தில் மட்டும் இருக்கும் நாள் வந்துவிடுமோ? கம்பம் போகிற ரோட்டில் டூவீலரில் அடிபட்டுக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். மெதுவாக நடக்கும் பிராணி, வண்டிக்கு ஒதுங்கத் தெரியாது. பெண் பச்சோந்தி முட்டையிடுவதற்கு மரத்தை விட்டு இறங்கி மண்ணில் குழி தோண்டணும். அந்த நேரத்தில்தான் நம் கையில் மாட்டுகிறது. கிளுவை வேலியை வெட்டிவிட்டுக் கம்பி வேலி போடுகிறோம். அதற்குப் பிடித்துக்கொள்ளக் கிளையும் இல்லை, தின்னப் பூச்சியும் இல்லை. 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சோந்தியைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். இது எனக்கு ஆறாம் வகுப்பில் தெரியாது. இதைப் படிக்கிற ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகளுக்கு இனி தெரியும்.

இந்தத் தாளின் கீழே நான் வரைந்த பச்சோந்தி இருக்கிறது. நான்கு தடவை அழித்துப் போட்டது. கண் இன்னும் சரியாக வரவில்லை. விரல் மட்டும் சரி, எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். வேலியில் பச்சோந்தியைப் பார்ப்பவர்கள் கல்லை எடுக்காமல் எனக்கு வந்து சொல்லுங்கள். நோட்டோடு வருகிறேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
காமயகவுண்டன்பட்டி.